சங்கப் புலவரின் ஆளியும் கைப்பேசியில் வளரும் வேட்டை விலங்கும்

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்குப் பொருநராற்றுப்படை பயிற்றிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் மேசைக்குக் கீழே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பறையில் கைப்பேசி கூடாது என்பது எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள விதி. எல்லாக் கல்லூரிகளிலும் மீறப்படுவதும் அவ்விதியே. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். திரையில் ஒரு விலங்கு பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. புலியின் வரி, ஓநாயின் முகம், பருந்தின் உகிர், முதுகில் மீனின் செதில். அதன் பெயருக்குக் கீழே வேகம், வலிமை, பசி என்ற மூன்றுக்கும் தனித்தனியே எண்கள் ஒளிர்ந்தன. வேகத்தின் எண்ணே மூன்றிலும் பெரியது.

“இஃது என்ன?” என்றேன்.

“வேட்டை விலங்கு ஐயா. இரண்டை இணைத்து நானே உண்டாக்கினேன். மூன்று தலைமுறையாக வளர்க்கிறேன். இதைவிட விரைவாகப் பாய்வது என் நண்பர்கள் எவரிடமும் இல்லை” என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சினம் வரவேண்டிய இடம் அது, வரவில்லை. அந்நேரத்தில் கரும்பலகையில் நான் எழுதியிருந்த சொல் ‘ஆளி’. அதுவும் எவரும் கண்டிராத ஒரு வேட்டை விலங்கே. அதன் குட்டி விரைந்து பாய்ந்ததைத்தான் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு கற்பனை விலங்குகள் ஓர் அறையில் எதிரெதிரே நின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசியில் விலங்கு வளர்க்கும் விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் சுருக்கமாகக் காண்போம். 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சப்பான் நாட்டில் பண்டாய் என்னும் பொம்மை நிறுவனம் ‘தமகோச்சி’ என்ற சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘தமகோ’ என்றால் அந்நாட்டு மொழியில் முட்டை. கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அதனோடு சேர்ந்து பெயராயிற்று. முட்டை வடிவக் கருவி. அதன் சிறு திரையில் ஓர் உயிர் பொரிக்கும். உரிய நேரத்தில் பொத்தானை அழுத்தி உணவூட்ட வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். மறந்தால் அது நோயுற்று இறக்கும். மறு ஆண்டே அஃது உலகெங்கும் பரவிற்று. அதே 1996இல் சப்பானில் தோன்றியதுதான் போக்கிமான் என்னும் விளையாட்டு. 1999இல் வந்த அதன் அடுத்த பதிப்பில் இரண்டு விலங்குகளை இணைத்து முட்டையிடச் செய்யும் முறையும் சேர்ந்தது. இக்காலக் கைப்பேசி விலங்குகள் பலவும் இம்மரபின் வழிவந்தவையே.

இவற்றினும் இலக்கிய மாணவர் கருதத்தக்கது, அதே 1996இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கிராண்ட் என்பவர் உருவாக்கிய ‘கிரீச்சர்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு. அதில் வளர்க்கப்படும் சிற்றுயிர்களுக்கு மரபணுவைப் போன்ற ஒரு குறிப்பேடு எண்களால் அமைக்கப்பட்டிருந்தது. தாயினதும் தந்தையினதும் குறிப்புகள் கலந்து குட்டிக்குச் செல்லும். இடையிடையே தற்செயலான மாற்றமும் நிகழும். அவ்விளையாட்டில் நல்லுயிர்களைத் துன்புறுத்தும் கொடிய இனத்துக்கு இட்ட பெயர் ‘கிரெண்டல்’. இது பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேயோவுல்ஃபில் வரும் இரவு வேட்டைப் பேருருவின் பெயர். அக்காப்பியப் புலவரும் கிரெண்டலின் முழுவுடலை யாண்டும் வரைந்து காட்டவில்லை; அதன் கையையும் உகிரையும் கண்ணொளியையும் காட்டிவிட்டு மற்றதை இருளில் விட்டார். நம் புலவர்களும் ஆளியை அவ்வாறே விட்டனர் என்பதை மேலே காணலாம்.

இனிச் சங்க இலக்கியத்துக்கு வருவோம்.

பொருநராற்றுப்படை முடத்தாமக்கண்ணியாரால் கரிகாற் பெருவளத்தான்மீது பாடப்பட்டது. இளமையிலேயே வெண்ணிப் போர்க்களத்தில் சேரனையும் பாண்டியனையும் ஒருசேர வென்ற அவன் திறத்தைக் கூறப் புலவர் ஓர் உவமையைத் தேடுகின்றார். புலிக்குட்டி அவருக்குப் போதவில்லை. சோழனின் கொடியில் இருப்பது புலியாயினும் போதவில்லை. தாயின் பாலை இன்னும் மறவாத ஓர் ஆளிக் குருளை, தன் வாழ்நாளின் முதல் வேட்டையிலேயே, திடுமெனப் பாய்ந்து ஒரு களிற்றைக் கொன்றது போல என்கின்றார். இவ்வுவமையின் உயிர் அதன் விரைவில் உள்ளது. பாயும் கணத்தைக் குறிக்கப் புலவர் ஆளும் விரைவுக் குறிப்புச் சொல்லை வாய்விட்டு ஒலித்துப் பார்த்தால் குட்டி பாய்ந்து முடித்துவிட்டது போலவே இருக்கும். என் மாணவரின் திரையில் வேகம் என்பது ஓர் எண். முடத்தாமக்கண்ணியாரிடம் அஃது ஓர் ஒலி.

நற்றிணையின் 205ஆம் பாடலில் வேட்டைக்கு எழுந்த ஆளி ஒரு களிற்றை இழுத்துச் செல்கின்றது. அக்களிறு எத்தகையது? சற்று முன்னர் ஒரு புலியைத் தொலைத்த களிறு. புலியை வென்றது யானை. அந்த யானையை இழுத்துப்போவது ஆளி. ஆளியின் வலிமையைப் புலவர் ஓர் அடையாலும் சொல்லவில்லை. இந்த வரிசையால் சொல்லிவிட்டார். அகநானூற்றின் 252ஆம் பாடல், இடப்பக்கம் வீழ்ந்த இரையை உண்ணாத மானமுள்ள புலியே நடுங்கும்படி ஆளி யானையின் முகத்தில் அறைந்து கொம்பைப் பறிப்பதைக் காட்டுகின்றது. அந்நூலின் 381ஆம் பாடலிலும் கொம்பு பறிக்கப்படுகின்றது. யானையின் தலைவன் துயருற, ஆளி அக்கொம்பின் உள்ளீட்டை உண்கின்றது. 78ஆம் பாடலில் ஆளி நேரில் வரவே இல்லை. அதற்கு அஞ்சிக் களிறு தன் இனத்தை ஒன்று சேர்ப்பதே காட்டப்படுகின்றது. புறநானூற்றில் 207ஆம் பாடல் வேறுவகையானது. இளவெளிமான் தகுதி அறியாது கொடுத்த சிறு பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனார், தம் நெஞ்சை நோக்கி ஆளியைப் போல ஊக்கத்தோடு எழுக என்கின்றார். வறுமையில் வாடிய ஒரு புலவர் தம் மானத்துக்கு உவமையாகத் தேர்ந்தெடுத்த விலங்கு, எவர் கையிலும் சிக்காத இவ்விலங்கே.

ஈண்டு ஒரு வினா எழும். இப்பாடல்களில் ஆளியின் உருவம் யாது? தேடினால் கிடைப்பன மிகச் சிலவே: கொல்லும் உகிர், பெருவலி, காண்போர்க்கு வருத்தம் தரும் தெய்வத்தன்மை. துதிக்கை உண்டா? இப்பாடல்கள் கூறவில்லை. பிடரிமயிர் உண்டா? நிறம் என்ன? அவையும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளியின் குட்டியைக் ‘குருளை’ என்றும் ஆணை ‘ஒருத்தல்’ என்றும் புலவர்கள் வழங்கினர். இவை மனம் போனவாறு இட்ட பெயர்கள் அல்ல. எவ்விலங்கின் இளமைக்கு எப்பெயர், ஆண்மைக்கு எப்பெயர் என்று தொல்காப்பிய மரபியல் வரையறுத்துள்ளது. குருளை என்பதை நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றுக்கும், நரிக்கும் அது உரித்தாக்குகின்றது. ஒருத்தல் என்னும் பெயரைப் பெறுவனவற்றுள்ளும் புலி உண்டு. ஆகவே, கண்ணால் கண்டிராத விலங்கைப் பாடும்போதும் புலவர்கள் அதனைப் புலியின் பக்கத்தில் நிறுத்தி, புலிக்குரிய மரபுச் சொற்களாலேயே சுட்டினர் எனலாம். உடல் தரப்படாத விலங்குக்கு இலக்கணம் தரப்பட்டுவிட்டது. கற்பனைக்கும் ஒழுங்கு உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் மாணவர்க்குக் காட்டியதில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். யாளி, ஆளி என இரு வடிவங்கள் வழங்குகின்றன. யானை ஆனை என்றும், யாறு ஆறு என்றும், யாண்டு ஆண்டு என்றும், யாமை ஆமை என்றும் வழங்குவதைப் போன்றதே இது. வடமொழியில் கொடுவிலங்கைக் குறிக்கும் வியாளம் என்ற சொல்லோடு இதனை இணைப்போரும் உளர். தனித்தமிழ்ச் சொல்லே என்போரும் உளர். இவ்வழக்கை இச்சிறு கட்டுரையில் தீர்க்க இயலாது. ஆளி என்பது சிங்கத்தின் நினைவே என்ற கருத்துக்கு வலுவுண்டு. தமிழகக் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. ஆயின் வடபுலத்தில் அது வாழ்ந்தது. யானையின் மத்தகத்தைப் பிளக்கும் சிங்கம் வடமொழிப் புலவர்க்குப் பழகிய காட்சி. கேள்வியால் அறிந்த சிங்கம் நம் மலைச்சாரலில் வந்து ஆளியாக நின்றிருக்கக்கூடும். பிற்காலத்தில் ஆளி என்ற சொல்லே சிங்கத்தையும் குறிக்கத் தொடங்கியது இக்கருத்துக்குத் துணை செய்கின்றது.

உடல் இல்லாத இவ்விலங்குக்கு உடல் தந்தவர்கள் சிற்பிகள். மாமல்லபுரத்தின் வடபால் உள்ள சாளுவன்குப்பத்தில், மக்கள் புலிக்குகை என்று வழங்கும் பல்லவர் காலக் குடைவரையின் வாயிலைச் சுற்றிப் பதினொரு யாளித் தலைகள் செதுக்கப்பட்டுள்ளன. பல்லவரின் தூண்களை அடியில் அமர்ந்து தாங்கின. இராசசிம்மனின் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் முன்னங்கால் தூக்கி எழுந்து நின்றன. சோழர் காலத்தில் அளவு சிறுத்து, கோயில்களின் அடித்தளத்தில் வரிசையாக ஓடும் யாளிவரியாக அமைந்தன. மீண்டும் விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆளுயரத்தை மிஞ்சி வளர்ந்தன. வேலூர்க் கோட்டையினுள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை ஒருமுறை சென்று பார்ப்பது, யாளியைப் பற்றிய பத்துச் சொற்பொழிவுகளைக் கேட்பதற்கு நிகர். வாய்க்குள் உருளும் கல்லுருண்டை, வெளியே எடுக்கவொட்டாது. எவ்வாறு செய்தனர் என்று வியப்போர், வாயைச் செதுக்கியபோதே உள்ளிருந்த கல்லை உருண்டையாக விட்டுவிட்டனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிற்பிகள் செய்தது மாணவரின் விளையாட்டு செய்வதையே: கலப்பு. சிங்கத்தின் உடலோடு சிங்கமுகம் வைத்தால் சிம்மயாளி. யானை முகமும் துதிக்கையும் வைத்தால் கசயாளி. குதிரைமுகம் வைத்தால் அசுவயாளி. இவ்வாறு அறிந்த விலங்குகளின் உறுப்புகளை இணைத்தே அறியா விலங்கு பிறந்தது. மனிதரால் முற்றிலும் புதிதாக ஓர் உறுப்பைக் கற்பனை செய்ய முடிவதில்லை போலும். என் மாணவரின் விலங்குக்கும் புலிவரி, பருந்தின் உகிர், மீனின் செதில் என்றுதானே வாய்த்தது!

யாளி ஒரு சமயத்தாரின் கட்டடங்களோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பது பலர் அறியாதது. குதுப்சாகி அரசர்களின் கோல்கொண்டாக் கோட்டையில், பாலா இசார் வாயிலின் வளைவுக்கு மேலே கற்பனை விலங்குகளும் சிங்கங்களும் செதுக்கப்பட்டுள்ளன. பீதர்க் கோட்டையில் ஒரு வாயிலின் பெயரே சர்சா தர்வாசா. அதில் இரண்டு கொடுவிலங்குகள் பொறிக்கப்பட்டுள்ளன. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நம் பூவிருந்தவல்லிப் பகுதியும் கோல்கொண்டாவின் ஆட்சிக்குட்பட்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். கோட்டைவாயிலில் அச்சுறுத்தும் விலங்கை வைக்க அவ்வரசர்கள் தயங்கவில்லை. தொழுமிடம் வேறு. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய கற்பள்ளிகளில் தூண்களும் பொதிகைகளும் தமிழ்நாட்டுக் கட்டடக்கலை மரபிலேயே அமைந்துள்ளன. ஆயின் அங்கு உயிருருவம் ஒன்றும் இல்லை. பூவும் கொடியும் மட்டுமே. உளி பழகிய கைக்கு யாளியைச் செதுக்காமல் விடுவதும் ஒரு பயிற்சியாகவே இருந்திருக்கும். சொல்லால் வரைவதற்கு அத்தடை இல்லை. சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் ‘புலி வசனித்த படலம்’ என்றே ஒரு படலம் அமைத்துள்ளார். வணிகர் செல்லும் அரபு நாட்டு வழியில் குறிஞ்சி நிலத்துப் புலி வந்து நிற்கின்றது. நிற்பதோடு அமையாது பேசவும் செய்கின்றது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய மற்றொரு நிகழ்ச்சி. சென்ற பருவத் தேர்வில் ‘சங்க இலக்கியத்தில் கற்பனை விலங்குகள்’ என்ற வினாவுக்கு மாணவர் ஒருவர், யாளி உண்மையாகவே வாழ்ந்த விலங்கு, அது தொன்மாப் பேருயிரிகளாகிய டைனோசர்களின் காலத்தது, அதனை மறைத்துவிட்டனர் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. எங்கே படித்தீர் என்று கேட்டேன். காணொளியில் பார்த்தேன் என்றார். சிற்பத்தில் இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது கண்டுதானே செதுக்கியிருப்பார்கள் என்பது அவர் வாதம். தம் முன்னோரை அவர் பெருமைப்படுத்த விரும்பினார். அவ்விருப்பத்தில் குறை காண இயலாது. ஆயின் அவ்வாதம் முன்னோரைப் பெருமைப்படுத்துகின்றதா என்பதே என் கேள்வி. கண்டதைச் செதுக்கியவர் நகலெடுப்பவர். காணாததை, எலும்பும் தசையும் பொருந்த, இப்போதே பாயும் என்று அஞ்சும்படி செதுக்கியவர் அன்றோ கலைஞர்?

சான்று என்பது எத்தகையது என்று அம்மாணவருக்குக் காட்ட வெளியூர் செல்லவேண்டிய தேவையில்லை. அவர் ஊருக்கு அண்மையிலேயே, திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியை அடுத்து, கொசத்தலையாற்றின் பக்கத்தில் அத்திரம்பாக்கம் உள்ளது. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே வில்லியம் கிங் என்பவரோடு இணைந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அங்கு நடத்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. கைக்கோடரிகள் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று அது காட்டியது. 2018இல் வந்த மற்றோர் ஆய்வு, இடைப் பழங்கற்காலக் கருவி முறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று நிறுவிற்று. அம்மண்ணடுக்குகளில் கற்கருவிகளோடு சில விலங்குப் பற்களின் புதைவுகளும் கிடைத்துள்ளன. ஒரு பல் போதும், அஃது எவ்வினத்தது என்று அறிஞர் கூறிவிடுவர். யாளியின் பல் ஒன்றும் எங்கும் கிடைத்ததில்லை. டைனோசர்கள் மறைந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது. நம்மையொத்த மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இடையில் உள்ள காலத்தை எந்தச் சிற்பியின் நினைவும் தாண்டியிருக்க இயலாது. துதிக்கைக்கு எலும்பில்லை என்பது உண்மையே. ஆனால் துதிக்கை உள்ள விலங்கின் மண்டையோட்டில் மூக்குத் துளை அமையும் இடமே வேறு. யானையின் மண்டையோட்டைப் பார்த்தோர் இதனை உடனே உணர்வர். பூண்டியில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு அம்மாணவர் சென்று வந்தார். அடுத்த நாள் என்னிடம், “யாளி இல்லை ஐயா, ஆனால் கல்லைப் பார்த்தபோது கை நடுங்கியது” என்றார். அவர் விடைத்தாளுக்கு முன்னமே பாதி மதிப்பெண் வழங்கியிருந்தேன். கூட்டிப் போட்டிருக்கலாம் என்று பின்னர் தோன்றிற்று.

விரைந்து பாயும் வேட்டை விலங்கை மனிதர் உண்மையிலேயே வளர்க்க முயன்ற வரலாறும் உண்டு. சிவிங்கிப்புலி நிலத்தில் ஓடும் விலங்குகளுள் மிக விரைவானது. குறுகிய தொலைவுக்கு மணிக்கு நூறு கிலோமீட்டரளவில் ஓடவல்லது. இந்திய மன்னர்கள் அதனைப் பிடித்துப் பழக்கி மான்வேட்டைக்குப் பயன்படுத்தினர். தம் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிகள் வரை சேர்த்தார் என்றும், அவை அடைப்பில் இணைந்து குட்டி ஈனவேண்டும் என்று பெரிதும் விரும்பியும் அது நடவாது போயிற்று என்றும் சகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். தம் காலத்தில் ஓர் ஆண் சிவிங்கி கழுத்துப்பட்டையை நழுவவிட்டுப் பெண்ணிடம் சென்று சேர்ந்ததையும், இரண்டரை மாதத்தில் மூன்று குட்டிகள் பிறந்து வளர்ந்ததையும் வியப்போடு பதிந்துள்ளார். ஒரு பேரரசின் செல்வமும் ஆணையும் செய்ய முடியாததைக் கழன்ற ஒரு பட்டை செய்தது! இந்நாட்டில் அவ்வினம் அழிந்துவிட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டு மார்ச்சில் அங்கு நான்கு குட்டிகள் பிறந்தன. கோடை முடிவதற்குள் மூன்று இறந்தன. திரையில் இரண்டு விலங்குகளை விரலால் தொட்டு இணைக்கும் பிள்ளைகள் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

மீண்டும் ஆளிக்கு வருகின்றேன். அது வாழ்ந்த இடம் எது? கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டில் இதற்கு விடை உண்டு. இரவில் தலைவன் வரும் மலைவழியின் இடர்களைத் தோழி அடுக்குகின்றாள். குகைப்புலி, ஆளி, கரடி, காட்டாவின் ஏறு, யானை, இடி, சூர்த்தெய்வம், பாம்பு, முதலை வகைகள், வழுக்கும் நிலம் என்று அப்பட்டியல் நீள்கின்றது. உள்ளது, இல்லாதது என்று அவள் பிரிக்கவில்லை. வழுக்கு நிலமும் சூரும் அவளுக்கு ஒன்றே. ஏனெனில் அப்பட்டியல் மலையைப் பார்த்து எழுதியதன்று. வீட்டில் விழித்திருந்து எண்ணிப்பார்த்தது. வருபவர் வந்து சேரும்வரை வழியில் எல்லா விலங்குகளும் உண்டு. ஆளி வாழ்ந்தது அவ்விடத்தில்தான்.

கைப்பேசி மாணவரிடம் சில வாரங்களுக்குப் பின், “உம் வேட்டை விலங்கு நலமா?” என்று கேட்டேன். இறந்துவிட்டது என்றார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் உருக்காலையில் இரவுப்பணிக்கு அவர் சேர்ந்திருந்தார். தந்தைக்கு உடல்நலம் இல்லை. உள்ளே கைப்பேசிக்கு இசைவில்லை. நான்கு இரவுகள் உணவூட்ட இயலாமற் போயிற்று. காலையில் பணி முடித்து நேரே கல்லூரிக்கு வருகின்றார் என்பதும், கடைசி வரிசையில் அவர் அமர்ந்ததன் காரணமும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று பாடம் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அடங்கிய தொண்டை நாட்டின் பாட்டு. அதில் கரும்பாலைகளைப் பற்றிய ஒரு பகுதி வருகின்றது. புகை சூழ்ந்த ஆலை, கருப்பஞ்சாறு காய்கின்றது, ஆலையின் எந்திரம் ஓயாது, உறங்காது ஒலிக்கின்றது. அவ்வொலி எப்படிப்பட்டது? மூங்கில் வளர்ந்த மலைச்சாரலில் ஆளி பாய்ந்து தாக்கியபோது யானைக்கூட்டம் முழுவதும் ஒருங்கே கதறினாற்போன்றது என்கின்றார் புலவர்.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மாணவர் எழுந்து நின்றார். “சரிதான் ஐயா. இரும்புக் கம்பி உருளையில் ஏறும்போது அப்படித்தான் கேட்கும். முதல் இரவு நான் வெளியே ஓடிவந்துவிட்டேன்” என்றார்.

எந்திரத்தின் பேரொலிக்கு உவமை தேடிய புலவர் ஏன் எவரும் கேட்டிராத ஒலியைத் தேர்ந்தார் என்பது இருபதாண்டுகளாக இப்பாடலை நடத்தியும் எனக்கு விளங்காமலிருந்தது. உரைகளிலும் விளக்கம் தேடியிருக்கின்றேன். அவரை அமரச் சொல்லாமல் மேலும் கேட்டேன். உலையின் வாய் திறக்கும்போது என்ன ஒலி, விடியும் நேரத்தில் என்ன ஒலி, எந்திரம் நின்ற பின்னும் காதில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. மணியடித்தது, எவரும் எழவில்லை.